ஊர்ப் பெயரை வைத்து ஆங்கிலம் பேசத் தடுமாறுகிறவர்களுக்கு டடோயபா தளம் எப்படி? பயன்படுத்தி வருகிறவரின் விமர்சனம்

விருதுநகரில் மாலை நேரத்தில், வேலைக்கு முயற்சி செய்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள். நேர்முகத் தேர்வில் உட்கார்ந்ததும் இவர்கள் வாயிலிருந்து வரப்போகிற முதல் நாலைந்து வாக்கியங்களில் எப்படியும் ஒரு ஊர்ப் பெயர் இருக்கும்: எந்த ஊர், எங்கே படித்தீர்கள், சென்னைக்கோ பெங்களூருக்கோ வரத் தயாரா. அந்த முதல் இரண்டு நிமிடத்திலேயே 'ஐ ஆம் கமிங் ஃப்ரம் சாத்தூர்', 'ஐ ரீச்டு டு சென்னை' என்று விழுந்துவிட்டால் அப்புறம் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததும் வாய்க்கு வராது. முகம் வாடிப்போகும். அதனால்தான் இந்தச் சின்ன விஷயத்துக்கு நான் இவ்வளவு நேரம் கொடுக்கிறேன், அதற்கு நான் அதிகம் நம்புகிற தளத்தைப் பற்றி விரிவாக எழுதவும் உட்கார்ந்திருக்கிறேன்.

தளத்தின் பெயர் டடோயபா. தேடுவதற்கு வசதியாக ஆங்கில எழுத்துகளைச் சொல்லிவிடுகிறேன்: டி, ஏ, டி, ஓ, ஈ, பி, ஏ (இரண்டு 'டி'யும் 'டாம்' என்ற பெயரின் முதல் எழுத்து). கடைசியில் டாட் காம் போடாதீர்கள், டாட் ஓஆர்ஜி.

இது அகராதி கிடையாது. சொல்லுக்குப் பொருள் தராது, இலக்கண விளக்கமும் தராது. முழு வாக்கியங்கள் மட்டும்தான். ஒரு வாக்கியம், அதன் கீழே மற்ற மொழிகளில் அதன் மொழிபெயர்ப்புகள், அவ்வளவுதான். 2006இல் ட்ராங் ஹோ என்ற பெண் தொடங்கியது. இப்போது ஒரு கோடிக்கும் மேல் வாக்கியங்கள், நானூறுக்கும் மேற்பட்ட மொழிகளில். எழுதுகிறவர்கள் எல்லாம் உலகமெங்கும் இருக்கிற தன்னார்வலர்கள். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, படிப்பதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. வாக்கியங்களை எழுதியவருக்கு உரிய அங்கீகாரம் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற திறந்த உரிமத்தில் வெளியிடுகிறார்கள். நான் பலகையில் எழுதிப்போடவும், அச்செடுத்துக் கொடுக்கவும் அதனால் எந்தத் தயக்கமும் இல்லை.

இதைச் சொல்வதற்கு முன்னால் மற்ற வழிகளில் என்ன கிடைக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான அகராதிகள் ஊர்ப் பெயரைத் தலைச்சொல்லாக எடுத்துக்கொள்வதே இல்லை, எடுத்தாலும் எந்த நாட்டில் இருக்கிறது, மக்கள்தொகை எவ்வளவு என்பதோடு நிறுத்திக்கொள்ளும். 'இந்தச் சொல்லை வாக்கியத்தில் எப்படிப் பயன்படுத்துவது' என்று தலைப்புப் போட்டு ஊருக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிற தளங்கள் நிறைய உண்டு. திறந்தால் எங்கிருந்தோ அள்ளிக் கொட்டிய செய்தித் துணுக்குகள், பாதியில் வெட்டப்பட்ட வாக்கியங்கள், நடுநடுவே விளம்பரம். ஒரு பெரிய நகரத்தின் பெயரைப் போட்டால் முதலில் வருவது விளையாட்டுச் செய்தியாக இருக்கும். 'பாஸ்டன் பீட் நியூயார்க்' என்றால் அது ஊரைப் பற்றிய வாக்கியமே இல்லை, அணியைப் பற்றியது. ஆரம்ப நிலையில் இருக்கிற பிள்ளைக்கு அது குழப்பம்தான். காசு கட்டிப் படிக்கிற ஒரு செயலியையும் வகுப்பில் சில காலம் வைத்துப் பார்த்தேன், பெயர் வேண்டாம். அதில் ஊர்ப் பெயருக்கு வெற்றிடம் விட்டு நிரப்பச் சொல்கிற பயிற்சியில் எதைப் போட்டாலும் சரி என்றது. முன்னால் வருகிற சின்னச் சொல்லில்தான் சிக்கலே இருக்கிறது என்பது அதைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை.

சரி, டடோயபாவுக்கு வருகிறேன்.

அதில் ஆங்கில வாக்கியங்களைத் தேடுகிற யாரும் முதல் நாளிலேயே மூன்று பேரைச் சந்தித்துவிடுவார்கள்: டாம், மேரி, பாஸ்டன். டாம் பாஸ்டனில் இருக்கிறான், டாம் பாஸ்டனுக்குப் போகிறான், டாம் பாஸ்டனிலிருந்து வருகிறான், டாமுக்கு பிரெஞ்சு தெரியும், டாம் திங்கட்கிழமை பாஸ்டனுக்குத் திரும்புகிறான். ஆயிரக்கணக்கில். அண்மைக் காலத்தில் பாஸ்டன் இருந்த இடத்தில் ஆஸ்திரேலியாவும் நிறைய வருகிறது. முதலில் பார்க்கிறவர்களுக்கு இது அலுப்பாக இருக்கும், பலர் இதைக் குறையாகவே எழுதியிருக்கிறார்கள். என் அனுபவத்தில் கற்கிறவருக்கு இந்தத் தளத்தின் பெரிய பலமே இதுதான். ஆளும் மாறவில்லை, ஊரும் மாறவில்லை என்றால் கண் தானாக மாறுகிற ஒன்றின் மேல் போய் நிற்கும். மாறுவது வினைச்சொல்லும் அதற்குப் பின்னால் வருகிற சின்னச் சொல்லும் மட்டும்தான்.

இரண்டு வாக்கியத்தை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'டாம் லெஃப்ட் பாஸ்டன்'. 'டாம் லெஃப்ட் ஃபார் பாஸ்டன்'. முதலாவதில் டாம் பாஸ்டனை விட்டுக் கிளம்பிவிட்டான். இரண்டாவதில் பாஸ்டனுக்குக் கிளம்பியிருக்கிறான். நடுவில் ஒரு 'ஃபார்', அது இல்லாவிட்டால் திசையே திரும்பிவிடுகிறது. தமிழில் 'சென்னையை விட்டு', 'சென்னைக்கு' என்று வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொண்டு வருவதால் நமக்கு இதில் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஆங்கிலத்தில் பெயர் அசையாமல் நிற்கிறது, பொருளைத் தாங்குவது முன்னால் இருக்கிற ஒரு சிறு சொல், சில சமயம் அந்தச் சொல் இல்லாமல் இருப்பதே பொருளைத் தாங்குகிறது. 'ஐ லெஃப்ட் மதுரை' என்று ஒரு பிள்ளை சொன்னால் கேட்கிறவர் அவன் மதுரையை விட்டு வந்துவிட்டான் என்றுதான் எடுத்துக்கொள்வார். அவன் சொல்ல வந்ததோ மதுரைக்குக் கிளம்பினேன் என்பது. இந்த ஜோடியைப் பலகையில் எழுதிப்போட்டு, பாஸ்டனை அழித்துவிட்டு அவரவர் ஊரை எழுதச் சொன்னால் வகுப்பே விழித்துக்கொள்ளும்.

அதே மாதிரி 'டாம் ஹாஸ் பீன் டு பாஸ்டன்', 'டாம் ஹாஸ் கான் டு பாஸ்டன்'. முன்னது போய்வந்தவன், பின்னது போய் இன்னும் திரும்பாதவன். 'போயிருக்கிறான்' என்ற ஒரே வடிவம் தமிழில் இரண்டுக்கும் ஓடும், இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். அதனால் நம் பிள்ளைகள் 'ஐ ஹாவ் கான் டு டெல்லி' என்று எதிரே உட்கார்ந்துகொண்டே சொல்வார்கள். அப்புறம் 'அரைவ்'. 'சென்னைக்கு வந்து சேர்ந்தேன்' என்கிற நம் 'கு'தான் 'அரைவ்டு டு சென்னை' என்று வெளியே வருகிறது. தளத்தில் அரைவ்டு, பாஸ்டன் இரண்டையும் சேர்த்துத் தேடினால் வரிசையாக 'அரைவ்டு இன் பாஸ்டன்' வந்து நிற்கும். 'ரீச்' என்று தேடினால் 'ரீச்டு பாஸ்டன்', நடுவில் ஒன்றும் இல்லை. 'விசிட்டட் பாஸ்டன்', அங்கேயும் ஒன்றும் இல்லை. விதியை நான் சொல்லாமல் பக்கத்தைத் திறந்து காட்டினாலே அவர்களே கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறார்கள், கண்டுபிடித்தது மறப்பதும் இல்லை.

தேடும்போது ஒரு குறிப்பு: சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள், அப்போதுதான் சொற்கள் அடுத்தடுத்து வருகிற வாக்கியங்கள் மட்டும் கிடைக்கும். இல்லாவிட்டால் பாஸ்டன் ஒரு மூலையிலும் லெஃப்ட் ஒரு மூலையிலும் இருக்கிற வாக்கியமெல்லாம் வரும்.

'தி' விஷயத்துக்கும் இந்தத் தளம் நன்றாகவே உதவுகிறது, ஆனால் பாஸ்டனை விட்டுவிட்டு வேறு பெயர்களைத் தேட வேண்டும். நெதர்லாந்து, பிலிப்பைன்ஸ், மாலத்தீவு என்று போட்டுப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் முன்னால் 'தி' இருக்கும். பிரான்ஸ், ஜப்பான், ஸ்ரீலங்காவுக்கு இருக்காது. பெயர் பன்மையாக இருக்கிற நாடு, தீவுக்கூட்டம், மலைத்தொடர் என்றால் 'தி' வரும், ஆறு என்றாலும் வரும். நம் பக்கத்துக்குக் கொண்டுவந்தால், ஊட்டிக்கு 'தி' கிடையாது, ஊட்டி இருக்கிற மலைக்கு உண்டு, 'தி நீல்கிரிஸ்'. தொட்டபெட்டா ஒற்றைச் சிகரம், அதற்குக் கிடையாது. வைகைக்கும் தாமிரபரணிக்கும் உண்டு, ராமேஸ்வரத்துக்குக் கிடையாது, அந்தமான் தீவுகளை மொத்தமாகச் சொன்னால் உண்டு. இன்னொன்றும் பார்க்க வேண்டும்: 'தி பாஸ்டன் ஆஃபிஸ்' என்று ஒரு வாக்கியம் வரும். அந்த 'தி' பாஸ்டனுடையது இல்லை, அலுவலகத்துடையது. இதைப் பார்த்துவிட்டுத்தான் சில பிள்ளைகள் 'தி சென்னை' என்று எழுத ஆரம்பிக்கிறார்கள், அந்த இடத்தில் மட்டும் ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

'இன்' எங்கே, 'அட்' எங்கே என்பதில் பாஸ்டன் போதவில்லை. பெரிய நகரம் என்பதால் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் 'இன்'தான். நமக்கோ ரயில் விழுப்புரத்தில் நிற்க வேண்டும். 'தி ட்ரெயின் ஸ்டாப்ஸ் அட் விழுப்புரம்' என்று சொன்னால் விழுப்புரம் அந்த ரயில் போகிற பாதையில் ஒரு புள்ளி, நிலையம் என்றுகூட எடுத்துக்கொள்ளலாம். ஊருக்குள் இறங்கிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால் அது 'இன் விழுப்புரம்'. ஒரே ஊர்தான், பார்க்கிற விதம் வேறு. நம் பள்ளிகளில் ஓடிய பழைய இலக்கணப் புத்தகங்கள் நாட்டுக்கும் பெருநகரத்துக்கும் 'இன்', சிற்றூருக்கு 'அட்' என்று சொல்லிக்கொடுத்தன. அந்தப் பழக்கம் இன்னும் கல்யாணப் பத்திரிகையிலும் அரசு ஆணையிலும் இருக்கிறது, அதில் தப்பு ஒன்றும் இல்லை. அப்படி எழுதுகிற பெரியவர்களைத் திருத்தப் போகாதீர்கள். ஆனால் இன்று பேச்சில் சாத்தூரில் வசிக்கிறேன் என்று சொல்ல 'இன் சாத்தூர்' என்பதுதான் எங்கும் செல்லும், ஊர் சிறிதா பெரிதா என்று யாரும் அளப்பதில்லை.

பெயர் மாறிய ஊர்களில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். வாக்கியங்கள் பல ஆண்டுகளாகச் சேர்ந்தவை, பழையதும் புதியதும் கலந்துதான் கிடக்கின்றன. உக்ரைன் தலைநகருக்கு 'கியெவ்' என்று வழங்கிவந்த ரஷ்ய வழி எழுத்துக்கூட்டலை விட்டு 'கீவ்' என்ற உக்ரைனிய வழி எழுத்துக்கூட்டலுக்கு அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2019 ஆகஸ்டில் மாறியது, அதே ஆண்டு அக்டோபரில் பிபிசியும் மாறியது. நாட்டின் பெயருக்கு முன்னால் 'தி' போடுவது 1991இல் அது சுதந்திர நாடானதிலிருந்து படிப்படியாக நின்றுவிட்டது, அப்படிப் போடுவதை அந்த மக்கள் தங்களை இன்னொரு நாட்டின் பகுதியாகச் சொல்வதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இதெல்லாம் வாக்கியத்துக்குப் பக்கத்தில் எழுதியிருக்காது. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் தனிப்பக்கத்திலும் அது எப்போது சேர்க்கப்பட்டது, யார் திருத்தினார்கள் என்ற பதிவு இருக்கிறது, அதைத் திறந்து தேதியைப் பார்த்துக்கொள்வது நல்லது. நம் வீட்டுக் கதையும் இப்படித்தான். 1996இல் மெட்ராஸ் சென்னையானது, இன்றைக்கும் உயர் நீதிமன்றம் ஆங்கிலத்தில் மெட்ராஸ் ஹை கோர்ட், பல்கலைக்கழகம் யூனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ், ஐஐடியும் மெட்ராஸ்தான். ஊரைச் சொல்லும்போது சென்னை, நிறுவனத்தின் பெயரைச் சொல்லும்போது அது வைத்திருக்கிற பெயர். 'ஐ ஸ்டடீட் அட் ஐஐடி மெட்ராஸ் இன் சென்னை' என்ற வாக்கியத்தில் இரண்டும் சேர்ந்தே வரும், இரண்டும் சரி.

இந்தத் தளத்தில் அவ்வளவாகக் கிடைக்காத ஒன்றும் உண்டு. ஊர்ப் பெயர் ஊரைக் குறிக்காமல் வேறொன்றைக் குறிக்கிற வாக்கியங்கள். செய்தியில் 'வாஷிங்டன்' என்றால் அமெரிக்க அரசு, 'டெல்லி' என்றால் மத்திய அரசு. நாமும் 'டெல்லி என்ன சொல்லுது' என்று கேட்கிறோம், மாநில அரசைக் 'கோட்டை' என்கிறோம், அதனால் இது புரிவதில் சிரமம் இல்லை. 'போபால்' என்ற பெயர் ஆங்கிலத்தில் பல இடங்களில் 1984 டிசம்பரில் நடந்த அந்த விஷவாயு விபத்தையே குறிக்கிறது, 'அனதர் போபால்' என்றால் இன்னொரு ஊர் என்று பொருள் இல்லை. அங்கே வாழ்கிற மனிதர்களுக்கு அது எவ்வளவு பாரமாக இருக்கும் என்று வகுப்பில் ஒரு பெண் கேட்டாள், அன்றைக்கு மீதி நேரமெல்லாம் அதைப் பற்றியே பேசினோம். இப்படிப்பட்ட பயன்பாட்டுக்கு ஆங்கிலச் செய்தித்தாளைப் படிப்பதுதான் வழி, டடோயபாவை அதற்காகத் திறக்க வேண்டாம்.

தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் எல்லா ஆங்கில வாக்கியமும் ஒரே தரத்தில் இருக்காது. ஜப்பானில் தனகா என்ற பேராசிரியர் மாணவர்களை வைத்துத் தொகுத்த பெரிய ஆங்கில-ஜப்பானிய வாக்கியத் தொகுப்பு ஒன்று ஆரம்பத்திலேயே இதில் சேர்க்கப்பட்டது, அதிலிருந்து வந்தவற்றில் பாடப்புத்தக வாடை அடிக்கும். டோக்கியோவின் மக்கள்தொகை லண்டனின் மக்கள்தொகையைவிட அதிகம் என்பது போன்ற வாக்கியங்கள் நிறைய. தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு அவையும் பயன்படும், ஏனென்றால் 'தட் ஆஃப் லண்டன்' என்று எழுத வேண்டிய இடத்தில் வெறும் லண்டன் என்று எழுதி மதிப்பெண் இழப்பது நம்மிடம் சகஜம். பேச்சுக்கு வேண்டுமென்றால் விரிவான தேடலுக்குள் போய், அந்த மொழியைத் தாய்மொழி என்று சொல்லிக்கொண்டவர்களின் வாக்கியங்கள் மட்டும் என்று வடிகட்டிக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவு உள்ளவை மட்டும் என்றும் வடிகட்டலாம். அதைப் போட்டுக் கேட்கும்போது ஒன்று தெரியும்: 'இன் பாஸ்டன்' என்பதில் 'இன்' காதில் விழுவதே இல்லை, பெயரில்தான் அழுத்தம். நம் பிள்ளைகள் 'இன்'னைத் தவறவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனி எனக்கு மனசுக்கு ஆகாத விஷயம். தமிழ் வாக்கியங்கள் இந்தத் தளத்தில் மிக மிகக் குறைவு. ஆங்கிலம், ரஷ்யன், இத்தாலியன், துருக்கி, எஸ்பெராண்டோ எல்லாம் லட்சக்கணக்கில் இருக்க, இத்தனை கோடிப் பேர் பேசுகிற நம் மொழி ஒரு ஓரத்தில் இருக்கிறது. நம் ஊர்ப் பெயர் வருகிற ஆங்கில வாக்கியங்களும் பாஸ்டனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாத அளவுக்குச் சொற்பம். இதற்கு யார் மேலும் பழி போட முடியாது. அல்ஜீரியாவின் வடக்கு மலைப்பகுதியில் கபில் என்றொரு மொழி இருக்கிறது. பேசுகிறவர்கள் நம்மைவிடப் பல மடங்கு குறைவு. ஆனால் அந்த மொழியின் வாக்கியங்கள் இந்தத் தளத்தில் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அதோடு, ஆங்கிலப் பக்கத்திலும் அல்ஜீரியா, கபிலியா என்ற பெயர்கள் எங்கே பார்த்தாலும் வருகின்றன, ஏனென்றால் அந்த ஊர்க்காரர்கள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். தங்கள் ஊர் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்லப்பட வேண்டும் என்பதை அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள்.

இது வெறும் பெருமைக்காக இல்லை. தளத்தின் வாக்கியங்களை வாரம் ஒருமுறை மொத்தமாகப் பதிவிறக்கம் செய்துகொள்ளும் வகையில் வெளியிடுகிறார்கள். இயந்திர மொழிபெயர்ப்பு கற்கிற மாணவர்கள் முதன்முதலில் ஓட்டிப் பார்க்கிற ஆங்கில-பிரெஞ்சு கோப்பு பல பாடங்களில் இங்கிருந்து எடுத்ததுதான். அப்படி இந்த வாக்கியங்கள் படிக்கிற பிள்ளைகளோடு நிற்காமல் கணினிக்குள்ளும் போகின்றன. பாஸ்டனுக்கு முன்னால் எது வரும் என்பது அங்கே நன்றாகப் பதிந்துபோகிறது. அருப்புக்கோட்டை என்ற பெயர் ஒரு வாக்கியத்தில்கூட இல்லையென்றால் அதற்கு ஒரு பங்கும் இருக்காது.

சேர்ப்பது சுலபம். கணக்குத் தொடங்கி, வாக்கியத்தை எழுதி, மொழியைத் தேர்ந்தெடுத்தால் போதும். தாய்மொழியில் எழுதுங்கள் என்பதுதான் தளத்தின் அறிவுரை, அதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஆகவே நம் வேலை தமிழ்ப் பக்கம். ஏற்கெனவே இருக்கிற ஆங்கில வாக்கியத்தைத் திறந்து அதற்குத் தமிழ் மொழிபெயர்ப்புச் சேர்க்கலாம். 'டாம் லெஃப்ட் ஃபார் பாஸ்டன்' என்பதற்குக் கீழே 'டாம் பாஸ்டனுக்குக் கிளம்பினான்' என்று ஒரு வரி இருந்தால், அடுத்து அதைத் தேடி வருகிற தமிழ்ப் பிள்ளைக்கு யாருடைய துணையும் வேண்டாம். புதிதாகத் தமிழ் வாக்கியமும் எழுதலாம், நம் ஊர்ப் பெயரோடு, நாம் பேசுகிறபடி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் யாராவது பார்த்து அதை ஆங்கிலத்தில் எழுதினால் அப்போது சாத்தூரும் உள்ளே வந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை, வேறு புத்தகத்திலிருந்தோ தளத்திலிருந்தோ வாக்கியத்தை எடுத்துப் போடாதீர்கள், உரிமச் சிக்கல் வரும், நீக்கிவிடுவார்கள்.

யாருக்கு இந்தத் தளம்? அடிப்படை ஆங்கிலம் படிக்கத் தெரிந்த, ஆனால் பேசும்போதும் எழுதும்போதும் தடுமாறுகிற எல்லோருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற நிலையில் இருப்பவர்களுக்குத் தனியாகக் கொடுக்காதீர்கள், ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து வாக்கியம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் போதும். கைபேசி உலாவியிலேயே திறக்கும், தனிச் செயலி ஒன்றும் வேண்டாம். ஆசிரியர்களுக்கு நான் சொல்வது, லெஃப்ட், அரைவ், ரீச், விசிட், பீன், கான் ஆகிய ஆறு சொற்களை மட்டும் பாஸ்டனோடு சேர்த்துத் தேடி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஒரு வார வகுப்புக்குத் தாராளமாகக் காணும். தமிழ் மொழிபெயர்ப்புச் சேர்ப்பதையும் அந்த ஆறிலிருந்தே தொடங்கியிருக்கிறேன், கூடச் சேர்கிறவர்கள் 'இன்', 'அட்' வருகிற வாக்கியங்களை எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.